ஒரு மில்லிமீட்டர் ஆட்டம்!

பெரிய மாடல் விமானம் ஒன்று வானத்தில் வட்டமடிக்கிறது என்றால், எல்லோரும் இறக்கையைப் பார்ப்பார்கள், இன்ஜின் சத்தத்தைக் கேட்பார்கள், கையில் ரிமோட்டோடு நிற்பவரை வியப்பாகப் பார்ப்பார்கள். அந்த விமானத்தை உண்மையில் திருப்புவது எது என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. விரல் நீளத்தில் ஒரு கம்பி. அதன் இரண்டு முனையிலும் மிளகை விடக் கொஞ்சம் பெரிய உருண்டை மூட்டு. அவ்வளவுதான். 12 கிலோ எடையுள்ள விமானத்தின் தலையெழுத்து அந்தக் கம்பியில்தான் இருக்கிறது.

கோவை ஆவாரம்பாளையத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் அவருக்கு இது அத்துப்படி. வயது 54. பகல் முழுக்க பம்புசெட் உதிரி பாகங்கள். ராத்திரி எட்டு மணிக்கு மேல் விமானம். பள்ளியில் என்.சி.சி. விமானப் பிரிவில் சேர்ந்தபோது பால்சா கட்டையை அறுத்து ஒட்டியதில் தொற்றிக்கொண்ட ஆசை, கல்யாணம் ஆகி மகள் பிளஸ் டூ வந்த பிறகும் விடவில்லை. மனைவி பட்டறைக் கணக்கைப் பார்க்கிறார். ``குடி, சீட்டுன்னு போகாம இதோட போகுதேன்னு விட்டுட்டனுங்க” என்பார், யாராவது கேட்டால்.

நடிகர் அஜித்குமாருக்கு இந்தப் பொழுதுபோக்கில் ஆர்வம் இருப்பதும், 2018-ல் சென்னை எம்.ஐ.டி. கல்லூரியின் `தக்‌ஷா’ குழுவுக்கு அவர் ஆலோசகராக இருந்ததும் செய்திகளில் வந்த பிறகு, ``ரிமோட் பிளேன்” என்றால் இங்கே ஓரளவு தெரிகிறது. ஆனால் கடையில் வாங்கிய அரை கிலோ தெர்மாகோல் விமானம் வேறு, 2.6 மீட்டர் இறக்கையும் 100 சி.சி. பெட்ரோல் இன்ஜினும் உள்ள விமானம் வேறு. இரண்டாவதில் இருப்பது டி.வி.எஸ். 50-ஐப் போல இரண்டு மடங்கு கொள்ளளவுள்ள இன்ஜின். அது மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வரும்போது குறுக்கே யாராவது நின்றால், அது பொம்மை இல்லை.

கைக்கும் வாலுக்கும் நடுவில்

ரிமோட்டில் விரல் அசைகிறது. விமானத்துக்குள் இருக்கும் ரிசீவர் அதை வாங்கி, `சர்வோ’ என்னும் சின்னப் பெட்டிக்குச் சொல்கிறது. வழக்கமான சர்வோவுக்கு விநாடிக்கு 50 முறை மின் துடிப்பு போகும். துடிப்பின் நீளம் ஒரு விநாடியில் ஆயிரத்தில் 1.5 பங்கு என்றால், `நடுவில் நில்’ என்று அர்த்தம். 1 பங்கு என்றால் ஒரு பக்கம், 2 பங்கு என்றால் மறுபக்கம். சர்வோவுக்குள் இருக்கும் மோட்டாரும் பல்சக்கரங்களும் அதற்கேற்ப ஒரு கையை அசைக்கும்.

இதுவரை எல்லாம் எலெக்ட்ரானிக்ஸ். இதற்கப்புறம் வருவது சுத்தமான லேத் பட்டறைச் சமாசாரம். சர்வோவின் கை, அதிலிருந்து ஒரு கம்பி, கம்பியின் மறுமுனையில் `ஹார்ன்’ என்னும் கொம்பு. அந்தக் கொம்பு, வாலில் ஏறி இறங்கும் `எலிவேட்டர்’ பலகையில் திருகப்பட்டிருக்கும். இந்தச் சங்கிலிக்கு மொத்தமாக `லிங்கேஜ்’ என்று பெயர்.

``ரேடியோ கெட்டுப்போறது அபூர்வம் அம்மிணி. பிளேன் விழுந்து கெடந்தா மொதல்ல இந்தக் கம்பியத்தான் பார்க்கோணும்” என்று மகளுக்கு ஏழாம் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

சின்ன விமானத்தில் இரும்புக் கம்பியின் முனையை `இசட்’ மாதிரி வளைத்து மாட்டிவிட்டு, மறுமுனையில் பிளாஸ்டிக் கிளிப் போட்டால் போதும். அதையே பெரிய விமானத்தில் செய்தால் அன்றைக்கே குப்பைமேடுதான். காற்றின் அழுத்தம் வேகத்தோடு நேராக ஏறுவதில்லை. வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். பலகையும் பெரிது. இரண்டும் சேர்ந்து கம்பியின் மேல் வந்து உட்காரும்.

மூன்று எதிரிகள்

லிங்கேஜுக்கு எதிரிகள் மூன்று பேர் என்பது அவருடைய கணக்கு. வளைவு, பிடிப்பு, ஆட்டம்.

முதலாவது வளைவு. தென்னை ஈர்க்கை இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள், லேசில் அறாது. அதையே இரண்டு முனையிலும் பிடித்துத் தள்ளுங்கள், உடனே வில்லாக வளையும். கம்பியும் அப்படித்தான். நீளம் இரண்டு மடங்கானால், வளையாமல் தள்ளும் பலம் நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அதனால்தான் பெரிய விமானங்களில் சர்வோவையே வாலுக்குக் கொண்டுபோய் வைத்து, கம்பியை விரல் நீளத்துக்குக் குறைத்துவிடுகிறார்கள். கம்பியின் ஒரு முனையில் வலது மரை, மறுமுனையில் இடது மரை. கழற்றாமலேயே நடுவில் ஸ்பேனர் போட்டுத் திருகினால் நீளம் கூடும், குறையும்.

திசை திருப்பும் `ரட்டர்’ பலகைக்கு இன்னொரு வழி உண்டு. தள்ளும் கம்பிக்குப் பதிலாக இரண்டு பக்கமும் மெல்லிய இரும்பு வடம். வலது வடம் இழுத்தால் வலது, இடது வடம் இழுத்தால் இடது. மாட்டுவண்டிக்காரர் கையில் பிடித்திருக்கும் இரண்டு கயிறு மாதிரி. தள்ளுவதே இல்லை என்பதால் வளைவதற்கும் வழியில்லை. ஆனால் சர்வோ பக்கம் இரண்டு வடத்துக்கும் உள்ள இடைவெளியும் ரட்டர் பக்கம் உள்ள இடைவெளியும் ஒத்துப்போக வேண்டும். அங்கே வடம் மாட்டும் ஓட்டை கீலுக்கு நேராக இருக்க வேண்டும். இல்லையென்றால் திரும்பும்போது ஒரு வடம் தொய்யும், அல்லது இரண்டும் இறுகும்.

இரண்டாவது எதிரி பிடிப்பு. எங்கேயாவது உரசினால், முட்டினால், சர்வோ போக வேண்டிய இடத்துக்குப் போக முடியாமல் முக்கிக்கொண்டே இருக்கும். கரன்ட்டைக் குடிக்கும், சூடாகும், பேட்டரியைக் காலி செய்யும். ஒரே பலகையை இரண்டு சர்வோக்கள் அசைக்கும் இடத்தில் இரண்டும் ஒத்துப்போகாவிட்டால், ஒன்றை ஒன்று தள்ளிச் சண்டை போட்டுக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அம்மீட்டர் போட்டுப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும்.

சர்வோவின் பலத்தை எப்படிப் பயன்படுத்துவது என்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 30 கிலோ-செ.மீ. சர்வோ என்றால், அச்சிலிருந்து 1 செ.மீ. தள்ளி 30 கிலோ அளவுக்கு இழுக்கும். அதன் கை 2.5 செ.மீ. என்றால் முனையில் 12 கிலோ கிடைக்கும். கை 5 செ.மீ. என்றால் 6 கிலோதான். எலிவேட்டரின் கொம்பு 3.5 செ.மீ. உயரம் என்று வையுங்கள். குட்டைக் கையில் பலகைக்குப் போவது 42 கிலோ-செ.மீ.; நெட்டைக் கையில் 21. பணம் அதே, சர்வோ அதே, பலம் பாதி! பலகை அதிகமாக அசைய வேண்டும் என்று நீளமான கையைப் போட்டுவிட்டு, `வேகமா அடிக்குது’ என்று ரிமோட்டில் அசைவைக் குறைத்துக்கொள்வது புதியவர்கள் பலர் செய்வது. சர்வோவின் பல்சக்கரத்தில் இருக்கும் துளி ஆட்டமும் நெட்டைக் கையின் முனையில் இரண்டு மடங்காகத் தெரியும்.

காலண்டர் அடிக்கும் சத்தம்

மூன்றாவது எதிரிதான் பெரிய எதிரி. ஆட்டம். ஓட்டை கொஞ்சம் பெரிதானது, திருகு கொஞ்சம் தளர்ந்தது, பால் லிங்க் தேய்ந்தது. தரையில் பார்த்தால் `ஒரு மில்லிமீட்டர்தானே’ என்று தோன்றும்.

சீலிங் ஃபேன் காற்றில் சுவரில் தொங்கும் காலண்டரைக் கவனித்திருப்பீர்கள். ரெகுலேட்டர் இரண்டில் இருக்கும்போது சும்மா இருக்கும். நான்கைத் தாண்டினால் திடீரென்று `பட பட’வென அடிக்க ஆரம்பிக்கும். விமானத்தின் பலகையும் ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் அப்படித்தான். காற்று தள்ளும், பலகை திரும்பி வரும், வரும் வேகத்தில் காற்று இன்னும் கொஞ்சம் சேர்த்துத் தள்ளும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளித் தள்ளி உயர்த்துவதுபோல, படபடப்பு தானே வளரும். லிங்கேஜ் இறுக்கமாக இருந்தால் அந்த வேகம் எட்டாத தூரத்தில் இருக்கும். ஆட்டம் இருந்தால் அது கிட்டே வந்துவிடும். ஆரம்பித்த பிறகு ஓரிரு விநாடிகளில் பலகையே பிய்ந்து போகலாம்.

இது மாடல் விமானத்துக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை. 2011 செப்டம்பர் 16 அன்று அமெரிக்காவின் ரீனோ நகரில் விமானப் பந்தயம் நடந்தது. இரண்டாம் உலகப்போர் காலத்து பி-51 முஸ்டாங் ரக விமானம் ஒன்று, மணிக்கு சுமார் 800 கிலோமீட்டர் வேகத்தில் வந்துகொண்டிருந்தபோது தலைதூக்கி, புரண்டு, பார்வையாளர்கள் பக்கம் விழுந்தது. விமானியும் பார்வையாளர்கள் 10 பேரும் இறந்தார்கள். 60-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்துச் சொன்ன காரணத்தின் தொடக்கம் மிகச் சின்னது. எலிவேட்டரில் இருக்கும் `டிரிம் டேப்’ என்ற சின்னப் பலகையின் பூட்டு நட்டுகள் பழையவை. உள்ளே திருகைக் கவ்விப் பிடிக்கும் வளையம் நைந்துபோயிருந்தது. திருகு தளர்ந்தது, பலகையின் விறைப்பு குறைந்தது, படபடப்பு வந்தது.

அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து அவர் பட்டறையில் ஒரு சட்டம். உள்ளே நைலான் வளையம் வைத்த `நைலாக்’ நட்டை ஒருமுறை கழற்றினால், அது டப்பாவுக்குத் திரும்பக் கூடாது. குப்பைக்குத்தான்.

இன்னொரு பழக்கத்தை ஆரம்பித்து வைத்தது மனைவி. ஒவ்வொரு திருகையும் இறுக்கிய பிறகு, திருகின் தலையிலிருந்து பக்கத்துப் பாகம் வரை நெயில் பாலிஷில் ஒரு சிவப்புக் கோடு. அதிர்வில் திருகு துளி திரும்பினாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். தொழிற்சாலைகளில் இதற்கென்றே தனி வண்ணம் விற்கிறது. இவர்கள் வீட்டில் இருபது ரூபாய் நெயில் பாலிஷ் அந்த வேலையைச் செய்கிறது.

விரல் மறந்துபோனது

அவருக்குச் சர்க்கரை வந்து பதினோரு வருடம் ஆகிறது. மாத்திரை எடுப்பார், மறப்பார், எடுப்பார். இரண்டு வருடத்துக்கு முன்பு நடந்துகொண்டே இருந்தவரின் காலிலிருந்து செருப்பு கழன்றது அவருக்கே தெரியவில்லை. பின்னால் வந்த பையன் எடுத்துக்கொடுத்தான். நரம்பு பாதிப்பு என்றார் டாக்டர். பொதுவாகப் பாதத்தில் தொடங்கும், பிறகு விரல் நுனிக்கும் வரலாம் என்றார். அவர் அதை வீட்டில் முழுசாகச் சொல்லவில்லை.

லேத்காரருக்கு விரல்நுனிதான் கண். கடைந்த பாகத்தை விரலால் தடவியே சொரசொரப்பைச் சொல்லிவிடுவார். பால் லிங்க்கை ஆட்டிப் பார்த்தே எங்கே தேய்மானம் என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர் கொஞ்ச நாளாக எதற்கெடுத்தாலும் டயல் கேஜை எடுத்து வைத்து அளக்க ஆரம்பித்தார். `அப்பாவுக்கு இப்போ ரொம்ப துல்லியம் வேணும்போல’ என்றுதான் மகள் நினைத்தாள்.

புது விமானம் தயாராக ஒன்பது மாதம் ஆனது. சர்வோக் கைகளை அலுமினியத்தில் அவரே செய்தார். பால் லிங்க்குகளைக் கொம்பின் இரண்டு காதுகளுக்கு நடுவில் வைத்து, போல்ட் ஊடுருவிப் போகும்படி நைலாக் நட்டோடு பூட்டினார். பலகைக்கும் இறக்கைக்கும் நடுவில் இருந்த கீல் இடைவெளியை டேப் ஒட்டி அடைத்தார். டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பச்சை மண்டலமா என்று பார்த்து, பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தரிசு நிலத்துக்காரரிடம் அனுமதியும் வாங்கியாயிற்று. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை முதல் பறப்பு. தெரிந்தவர்கள் ஏழெட்டுப் பேர் குழந்தை குட்டிகளோடு வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

சனிக்கிழமை ராத்திரி, சர்வோவுக்குக் கரன்ட் கொடுத்து, எலிவேட்டர் கொம்பின் முனையில் டயலை வைத்துப் பார்த்தார். முள் அசையவே இல்லை. ``பக்கா” என்றார்.

மகள் எலிவேட்டரின் பின்விளிம்பை இரண்டு விரலால் பிடித்து லேசாக உதறிப் பார்த்தாள். வலது பக்கம் நிறுத்தினாள். மறுபடி உதறினாள்.

``அப்பா, இதுல ஒரு `டிக்’ இருக்குதுங்க.”

``எங்க? நாந்தான் டயல் வெச்சுப் பார்த்தனே.”

``நீங்க கையில பிடிச்சுப் பாருங்கப்பா.”

பிடித்துப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. ``ஒண்ணுமில்ல சாமி, உனக்குப் பயம்” என்றார். அவள் அவர் விரலை எடுத்துச் சரியான இடத்தில் வைத்து, தானே பலகையை ஆட்டினாள். அப்போதும் தெரியவில்லை. அவர் முகத்தைப் பார்த்தபோதுதான் அவளுக்குப் புரிந்தது. பலகையைப் பற்றி இல்லை.

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவரே டயலை எடுத்து, கொம்பிலிருந்து மாற்றி, பலகையின் பின்விளிம்பில் வைத்தார். மகள் உதறினாள். முள் துள்ளியது. கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர்.

விஷயம் இதுதான். அவர் செய்த கை, கம்பி, மூட்டு எதிலும் குறை இல்லை. பலகைக்குள்ளே கொம்பைத் தாங்கும் மரக்கட்டை ஒன்று உண்டு. அது கிட்டிலேயே ஒட்டி வந்தது. அந்த ஒட்டு ஒரு பக்கம் விட்டுப்போயிருந்தது. கொம்பு அசையாமல் நிற்க, பலகை மட்டும் அதைச் சுற்றி ஆடியது. டயலைக் கொம்பில் வைத்தவரை அது நல்ல செய்திதான் சொல்லும். கருவி, வைத்த இடத்தை மட்டும்தான் அளக்கும். விரலோ முழுப் பலகையையும் பிடித்துப் பார்க்கும்.

ராத்திரி பதினொரு மணிக்கு எல்லோருக்கும் போன் போட்டு, `நாளைக்கு இல்லைங்க’ என்று சொன்னார். இரண்டு பேர் கிண்டல் செய்தார்கள். மேலே ஒட்டிய படலத்தைக் கீறி, சின்ன ஓட்டை போட்டு, ஊசியால் எபாக்ஸி ஏற்றி, கிளாம்ப் போட்டு 24 மணி நேரம் அப்படியே விட்டார்கள். இடது பக்கத்துக்கும் அதே வைத்தியம்.

ஒரு பேரம்

``இனிமே நீ பார்த்துச் சொன்னாத்தான் பிளேன் கிளம்பும் அம்மிணி” என்றார் மறுநாள் டீ குடிக்கும்போது.

``சரிங்க. ஆனா சும்மா பார்க்க மாட்டேன்” என்றாள் அவள்.

பேரம் அம்மா முன்னிலையில் நடந்தது. லேத்தில் கையுறை போடக் கூடாது, சுற்றும் பாகம் துணியோடு கையையும் இழுத்துவிடும். அதனால் சூடான இரும்புச் சுருளை இனி வெறுங்கையால் எடுக்கக் கூடாது, கொக்கிதான். தினமும் ராத்திரி பாதத்தைக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். மாத்திரை மறக்கக் கூடாது. டாக்டர் சொன்ன தேதியில் போக வேண்டும், மகளும் கூட வருவாள். ``பிளேனுக்கு இத்தனை செக் பண்றீங்க. உங்களுக்கு ஒண்ணுகூட இல்லைங்களாப்பா?” என்று அவள் கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை. மனைவி கையில் வைத்திருந்த கணக்கு நோட்டை மூடினார். ``எனக்கு மட்டும் ஏன் சொல்லலை?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அதற்கும் பதில் இல்லை. டீ ஆறிப்போனது.

அடுத்த ஞாயிறு காலை ஏழு மணிக்கு, காற்று கிளம்பும் முன், விமானம் பறந்தது. அவர் ஓட்டினார். இரண்டாவது முறை இரண்டு ரிமோட்டுகளை ஒன்றோடொன்று இணைத்து, மகள் கையில் கொடுத்தார். ஏதாவது தப்பானால் சுவிட்சை விட்ட நொடியில் கட்டுப்பாடு அவரிடம் வந்துவிடும். விடவேண்டிய அவசியம் வரவில்லை. இறங்கியதும் அவள் முதலில் ஓடிப்போய்ப் பிடித்துப் பார்த்தது எலிவேட்டரைத்தான்.

பட்டறையில் இப்போது ஒரு நாற்பது பக்க நோட்டு தொங்குகிறது. ஒவ்வொரு பறப்புக்கும் முன்னால் இடது பக்கத்தில் விமானத்தின் வரிசை: திருகுக் கோடு உடையவில்லை, கம்பி வளையவில்லை, எங்கும் உரசவில்லை, கையில் பிடித்து உதறினால் ஆட்டம் இல்லை. வலது பக்கத்தில் அவருடைய வரிசை: சர்க்கரை அளவு, மாத்திரை, பாதம், அடுத்து டாக்டரைப் பார்க்கும் தேதி. இடது பக்கத்தில் மகள் கையெழுத்து, வலது பக்கத்தில் மனைவி கையெழுத்து. இரண்டில் ஒன்று விடுபட்டிருந்தாலும் அன்றைக்கு விமானம் கிளம்பாது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் நின்றுபோனது. விமானத்தில் ஒரு குறையும் இல்லை. வலது பக்கத்தில் மாத்திரைக்கு நேரே டிக் இல்லை.